தேங்காய்ப்பூவுக்கும் கணக்கு உண்டு: வன்னிச் சாப்பாட்டில் கலோரியையும் மக்ரோவையும் சேர்த்துப் பிடிக்கும் வழி

உடம்பு மெலிவதற்காக நான் இரண்டு தடவை சாப்பாட்டுக் கணக்கு எழுதினேன். இரண்டு தடவையும் தோற்றேன், ஆனால் வேறு வேறு விதமாக.

முதல் தடவை கலோரியை மட்டும் பார்த்தேன். கிளிநொச்சியில் மேசை வேலை, வயது 38, உயரம் 158 சென்ரிமீற்றர், நிறை 74 கிலோ. போனில் இருந்த செயலி நாளுக்கு 1200 கலோரி என்றது. நான் கெட்டிக்காரி அல்லவா, 1100 போதும் என்று முடிவெடுத்தேன். காலையில் பாண், பகல் அரைக்கோப்பைச் சோறு, பின்னேரம் பிளேன்ரீயும் பிஸ்கட்டும். நிறை இறங்கியது. கூடவே தலைமயிர் கொட்டியது, படி ஏறினால் கால் நடுங்கியது. மூன்றாம் மாதம் ஒரு கலியாணவீட்டில் தொடங்கிய சாப்பாடு பிறகு நிற்கவேயில்லை.

இரண்டாம் தடவை புரதம்தான் எல்லாம் என்று நினைத்துக் கோழி, முட்டை, கச்சான், பால்மா என்று நாளுக்கு 100 கிராம் புரதத்தை எட்டினேன். நிறை அசையவில்லை. கச்சான் புரதத்தை மட்டும் கொண்டு வரவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

மூன்றாம் தடவை இரண்டையும் ஒரே கொப்பியில், ஓர் ஒழுங்கில் வைத்தேன். அந்த ஒழுங்கைத்தான் கீழே எழுதுகிறேன்: கலோரி வெளிவேலி, புரதம் உள்வேலி, கொழுப்புக்குக் கீழே ஓர் எல்லை, மிச்சம் முழுவதும் சோற்றுக்கும் பிட்டுக்கும்.

தொடங்குமுன் ஒரு விசயம்

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் இந்தக் கணக்கைத் தொட வேண்டாம். சலரோகத்துக்கு இன்சுலினோ, சீனியைக் குறைக்கும் குளிசையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். முதலில் கிளினிக்கில் சொல்லி மருந்தின் அளவை மாற்ற வேண்டும்.

வன்னிக்கென்று இன்னொன்று இருக்கிறது. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் காரணம் தெளிவாகப் பிடிபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் உண்டு. சலரோகமோ பிரஷரோ இல்லாத விவசாயிகளுக்கும் அது வருகிறது, ஆரம்பத்தில் ஓர் அறிகுறியும் காட்டாது. சிறுநீரகம் பழுதானவர் புரதத்தைக் கூட்டக்கூடாது. ஆகவே வீட்டில் யாருக்காவது அந்த நோய் இருந்தால், அல்லது நோய் அறியப்பட்ட ஊரில் நீங்கள் இருந்தால், சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியட்டினின் இரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்துவிட்டு மூன்றாம் படிக்குப் போங்கள். ஒரு சின்ன இரத்தப் பரிசோதனைதான்.

முதற்படி: எவ்வளவு செலவாகிறது

மிஃப்ளின்–செயின்ற் ஜியோர் சூத்திரம் 1990இல் வெளியானது, இன்றும் பல செயலிகளுக்குள் ஓடுவது அதுதான். நிறையைக் கிலோவில் எடுத்து 10ஆல் பெருக்குங்கள். உயரத்தைச் சென்ரிமீற்றரில் எடுத்து 6.25ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். பெண் என்றால் இன்னும் 161ஐக் கழிக்க வேண்டும், ஆண் என்றால் 5ஐக் கூட்ட வேண்டும். எனக்கு 740 + 987.5 − 190 − 161, ஆக ஏறக்குறைய 1377. இது நாள் முழுக்கச் சும்மா படுத்திருந்தாலும் உடம்பு எரிப்பது.

இதை உங்கள் உழைப்புக்கேற்பப் பெருக்க வேண்டும். மேசை வேலையும் வீட்டு வேலையும் என்றால் 1.3, 1.4 போதும். கரைவலை இழுப்பவர், வீடு கட்டும் வேலைக்குப் போகிறவர், தோட்டத்தில் நாள் முழுக்க மண்வெட்டி பிடிப்பவர் 1.7 வரை போகலாம். வயல்காரர்கள் கொஞ்சம் நேர்மையாக இருக்க வேண்டிய இடம் இது. அருவி வெட்டிச் சூடு மிதித்த காலத்து உழைப்பு இப்போது இல்லை. மெசின் வந்து அரை நாளில் வெட்டிப் போகிறது, நாங்கள் வரம்பில் நின்று பார்க்கிறோம். காலபோகத்தில் விதைப்பு, பசளை, மருந்தடி என்று ஓடும் நாட்களும் உண்டு, அறுவடை முடிந்து திண்ணையில் கழியும் வாரங்களும் உண்டு. வருடம் முழுக்க ஒரே எண்ணை வைத்திருக்காமல் போகத்துக்கொரு தடவை மாற்றுங்கள்.

எனக்கு 1377ஐ 1.4ஆல் பெருக்க 1927 வந்தது.

இரண்டாம் படி: எவ்வளவு குறைப்பது

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7700 கலோரி இருக்கிறது. நாளுக்கு 400, 450 குறைத்தால் வாரத்துக்கு 400 கிராம் அளவில் இறங்கும். நான் 1500 என்று வைத்தேன். பெண்கள் 1200க்கும் ஆண்கள் 1500க்கும் கீழே மருத்துவர் சொல்லாமல் போகக்கூடாது. என் 1100 ஏன் உடைந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மூன்றாம் படி: உள்வேலி

மக்ரோ என்பது மூன்று: புரதம், கொழுப்பு, மாச்சத்து. கடைசியதைப் பள்ளிக்கூடத்தில் காபோவைதரேற்று என்று படித்திருப்பீர்கள். ஒரு கிராம் புரதம் 4 கலோரி, ஒரு கிராம் மாச்சத்து 4, ஒரு கிராம் கொழுப்பு 9. மறக்காமல் இருக்கச் சமையலறைச் சுவரில் 4, 4, 9 என்று எழுதி ஒட்டினேன். அம்மா அதை லொத்தர் இலக்கம் என்று நினைத்தார்.

நிறை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். அதைத் தடுக்கப் புரதமும், கொஞ்சம் பாரம் தூக்கும் வேலையும் வேண்டும். மெலிய விரும்புபவருக்கு ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் பொருந்தும். நிறை நிறையவே கூடியிருந்தால் இப்போதைய நிறைக்குப் பெருக்காமல், போய்ச் சேர நினைக்கும் நிறைக்குப் பெருக்குங்கள். என் முதல் இலக்கு 62 கிலோ, 1.5ஆல் பெருக்க 93 வரும், நான் 90 என்று வைத்தேன். அது 360 கலோரி.

கொழுப்பைப் பூச்சியமாக்க முடியாது. கரட், முருங்கையிலையில் இருந்து கிடைக்கும் விற்றமின் ஏ உடம்பில் சேரவே கொழுப்பு வேண்டும். மொத்தக் கலோரியில் கால் பங்குக்குச் சற்று மேல் வைத்தேன்: 45 கிராம், 405 கலோரி. மிச்சம் 735 கலோரி. அதை நான்கால் பிரித்தால் 184 கிராம் மாச்சத்து. சோற்றை விடவேண்டும் என்று யார் சொன்னது? 184 கிராமுக்குள் ஒரு நேரப் பிட்டும் ஒரு நேரச் சோறும் தாராளமாக அடங்கும்.

மூன்று எண்ணையும் தினமும் கிராம் பிசகாமல் எட்ட வேண்டியதில்லை. கலோரி 50 முன்பின், புரதம் 5 கிராம் முன்பின். கொழுப்பும் மாச்சத்தும் ஒன்றுக்கொன்று இடம் மாறலாம்: தேங்காய்ச் சம்பல் கூடிய நாளில் சோறு குறையும், கூழ் குடித்த நாளில் எண்ணெய் குறையும். அவ்வளவுதான்.

நான்காம் படி: நிறுப்பது

இதில்தான் முக்கால்வாசிப் பேர் வழுக்குகிறார்கள். ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள், கிராம் காட்டினால் போதும். முதல் நாள் நான் சோற்றை நிறுக்கும்போது அம்மா கேட்டார்: "என்ன பிள்ளை, சோத்தையும் நிறுத்து விக்கப் போறியோ?"

100 கிராம் அரிசி ஏறக்குறைய 355 கலோரி. அதே அரிசி வெந்து சோறானால் தண்ணீர் குடித்து இரண்டரை, மூன்று மடங்கு பாரமாகும். அப்போது 100 கிராம் சோறு 130 கலோரி அளவில். செயலியில் 'சிவப்பரிசி' என்று இருப்பதைத் தட்டினால் அது அரிசியா சோறா என்று பார்க்காமல் விட்டால், மூன்று மடங்கு பிழை. பிழை எந்தப் பக்கம் போகும் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

குடும்பத்துக்கு ஒரே பானையில் சமைக்கும் வீட்டில் செய்ய வேண்டியது இது. வெறும் பானையை ஒரு தடவை நிறுத்து, அடியில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். போட்ட அரிசி 600 கிராம் என்று வையுங்கள். வெந்த பிறகு பானையோடு நிறுத்து, பானையைக் கழித்தால் 1650 வருகிறது. 1650ஐ 600ஆல் பிரிக்க 2.75. என் கோப்பையில் 200 கிராம் சோறு என்றால் அது 73 கிராம் அரிசி. நாலைந்து நாள் செய்து பார்த்தால், ஒரே அரிசி, ஒரே பானை, ஒரே அம்மா என்றால் அந்த 2.75 பெரிதாக மாறாது என்று தெரியும். பிறகு பானையை நிறுக்கத் தேவையில்லை.

கறிக்கும் இதே வழிதான், ஆனால் அங்கே நிறுக்க வேண்டியது மரக்கறியை அல்ல, எண்ணெயையும் தேங்காயையும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. நல்லெண்ணெய் என்றாலும் தேங்காயெண்ணெய் என்றாலும் அதே 120. தேங்காய்ப்பூ 100 கிராம் 350 கலோரி, அதில் கொழுப்பு மட்டும் 33 கிராம். பாலைப் பிழிந்த சக்கையில் கொஞ்சக் கொழுப்பு தங்கிவிடும் என்பது உண்மை. நான் அதைக் கழிப்பதில்லை. சொதி, சம்பல், பிட்டு, பால்கறி என்று ஒரே நாளில் நாலு வாசலால் தேங்காய் உள்ளே வருகிற சாப்பாடு எங்களுடையது. சோற்றைப் பழிக்கிற வீட்டில் தேங்காயை யாரும் சந்தேகிப்பதில்லை.

மீனில் மறுபக்கம் பிழை விடுவோம். குளத்துத் திலாப்பியா வாங்கினால் தலை, முள், செதில் போக மிஞ்சும் சதை பாதிக்கும் குறைவு. அரைக் கிலோ மீன் சாப்பிட்டேன், 100 கிராம் புரதம் கிடைத்தது என்று எழுதினால் அது கதை. முள்ளை ஒதுக்கிக் கோப்பையில் வைத்து, கடைசியில் அதை நிறுத்துக் கழித்துவிடுங்கள்.

செயலியில் இருக்கும் பதிவுகள் பலவும் யாரோ ஒருவர் தன் பாட்டில் ஏற்றியவை. 4, 4, 9ஆல் பெருக்கிப் பாருங்கள். பருப்பு 100 கிராமில் புரதம் 24, மாச்சத்து 60, கொழுப்பு 1 என்றால் 345 வர வேண்டும். பக்கத்தில் 116 என்று இருந்தால் அது அவித்த பருப்பின் எண். 'பிட்டு', 'சொதி' என்று தேடுவதையே விட்டுவிட்டேன். மா எவ்வளவு, தேங்காய்ப்பூ எவ்வளவு என்று பிரித்துப் போடுவதுதான் நம்பக்கூடியது.

ஐந்தாம் படி: புரதத்துக்கு எவ்வளவு கலோரி கொடுக்கிறோம்

எனக்கு எல்லாவற்றையும் மாற்றியது இந்தக் கணக்கு. ஒவ்வொரு உணவிலும் 10 கிராம் புரதம் எடுக்க எத்தனை கலோரி செலவழிக்கிறோம்?

கொழுப்புக் குறைந்த மீன், தோல் நீக்கிய கோழி நெஞ்சு, நெத்தலிக் கருவாடு: 50, 55. சோயாமீற்: 65, 70. முட்டை: 115, 120. மைசூர்ப் பருப்பு, பயறு, கௌபி: 145 அளவில். முழு ஆடைப் பால்மா: 190. கச்சான்: ஏறக்குறைய 220. பாண்: 300க்குக் கிட்ட. சோறு: 500. தேங்காய்ப்பூவில் இருந்து 10 கிராம் புரதம் எடுக்க வேண்டுமானால் ஆயிரத்துக்கு மேல்.

கச்சான் கூடாத சாப்பாடு என்று சொல்லவில்லை. ஆனால் அதைப் புரதத்துக்காகத் தின்கிறேன் என்பது, நான் செய்தது போல, தன்னைத் தானே ஏமாற்றுவது. கச்சானைக் கொழுப்புக் கணக்கில் எழுதுங்கள்.

இந்த வரிசையில் மேலே இருப்பவை எங்கள் காலடியிலேயே கிடைக்கின்றன. இரணைமடு, முத்தையன்கட்டுக் குளத்து மீன், முல்லைத்தீவுக் கரையில் வரும் மீன், நந்திக்கடல் இறால், கருவாடு. கருவாட்டில் மட்டும் உப்பைக் கவனியுங்கள்: உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது. ஊறவைத்துக் கழுவினால் கொஞ்சம் இறங்கும்.

ஆறாம் படி: இரவு ஏழு மணி இக்கட்டு

மூன்றாம் தடவை தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு நாள். காலையில் 60 கிராம் மாவில் பிட்டு, அதற்குள்ளும் சம்பலிலுமாக 40 கிராம் தேங்காய்ப்பூ, ஒரு முட்டை: 420 கலோரி, புரதம் 11. பகல் 75 கிராம் அரிசிச் சோறு, 150 கிராம் மீன், 30 கிராம் பருப்பு, மரக்கறி, கறிகளில் எண்ணெயும் பாலுமாக 180 கலோரி: 730, புரதம் 43. வேலைத்தலத்தில் இரண்டு பால்தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி: 230, புரதம் 8.

இரவு ஏழு மணிக்குக் கொப்பியைத் திறந்தால் மீதி 120 கலோரி, குறையும் புரதம் 28 கிராம். கொழுப்பு ஏற்கெனவே 45 கிராமைத் தாண்டிவிட்டது. கலப்பில்லாத புரதமே 28 கிராமுக்கு 112 கலோரி. எட்டு முட்டையின் வெள்ளைக்கருவைத் தின்றால் ஓரளவு சரிவரும், ஆனால் அதை யார் தின்பது.

அந்த மாதிரி நாளில் செய்ய வேண்டியது: கலோரி 100, 150 கூடினாலும் பரவாயில்லை என்று ஒரு துண்டு மீனோ ரின்மீனில் பாதியோ சாப்பிட்டுவிட்டுப் படுப்பது. பட்டினி கிடந்து கலோரியை மட்டும் காப்பாற்றினால் அடுத்த நாள் பின்னேரம் றோல்ஸ் கடையில் நிற்பீர்கள். ஆனால் இது ஒரு நாள் வைத்தியம். உண்மையான பிழை இரவில் நடக்கவில்லை, காலையிலேயே நடந்துவிட்டது.

அடுத்த வாரம் அதே சாப்பாட்டை இப்படி இடம் மாற்றினேன். காலையில் மா 50 கிராம், தேங்காய்ப்பூ எல்லாமாக 20, முட்டை இரண்டு: 385 கலோரி, புரதம் 16. பகல் அரிசி 70, மீன் 200, பருப்பு அதே 30, எண்ணெயும் பாலும் 120 கலோரிக்குள்: 700, புரதம் 51. ஒரு பால்தேத்தண்ணி, ஒரு பிளேன்ரீ, ஒவ்வொரு கரண்டி சீனி: 115, புரதம் 4. ஏழு மணிக்குக் கையில் 300 கலோரி, தேவை 19 கிராம். அவித்த பயறு (அவிக்குமுன் 50 கிராம்), ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வதக்கிய 10 கிராம் நெத்தலிக் கருவாடு: 250 கலோரி, புரதம் 18. நாள் முடிவில் 1450, புரதம் 89, கொழுப்பு 47.

சாப்பாடு அதே வன்னிச் சாப்பாடுதான். பிட்டும் இருக்கிறது, சோறும் இருக்கிறது. நகர்ந்தது தேங்காயும் சீனியும் மீனும் மட்டும்.

வெள்ளிக்கிழமை, விரதம், கொத்து

மரக்கறி நாளில் புரதம் 90ஐ எட்டுவது கடினம். சோயாமீற், பயறு, கௌபி, தயிர் என்று நாலையும் சேர்த்தால் 70க்குக் கிட்டப் போகலாம், அதோடு விடுங்கள். கந்தசஷ்டி போன்ற நீண்ட விரதங்களில் நான் கொப்பியை மூடி வைக்கிறேன். வற்றாப்பளைப் பொங்கல் அன்றும் அப்படித்தான். வாரத்தில் ஏழு நாளின் சராசரி 1500க்குப் பக்கத்தில் இருந்தால் போதும், ஒரு நாள் 2100 போனால் உலகம் இடிந்துவிடாது.

கடைக் கொத்தை நிறுக்க முடியாது. ரொட்டிக்கு மா 150 கிராம், எண்ணெய் 30 கிராம் என்று குறைத்துப் பிடித்தாலே 800ஐத் தாண்டும். முட்டையும் இறைச்சியும் அதற்கு மேல். ஆயிரம் என்று எழுதிவிட்டு இரண்டு பேராகப் பகிருங்கள். பாண் எளிது: ஒரு இறாத்தல் 450 கிராம், கால் இறாத்தல் 300 கலோரிக்குச் சற்று மேல். வெயில் காலத்தில் வரும் பாலைப்பழம் எந்தச் செயலியிலும் கிடையாது. ஏதோ ஓர் இனிப்புப் பழத்தின் எண்ணைப் போட்டுவிட்டுத் தின்கிறேன். வருடத்தில் சில வாரம்தானே.

ஒரு விசயத்தைச் சொல்லாமல் போக முடியாது. 2009இல் போரின் கடைசி மாதங்களில் ஒரு அகப்பைக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் இருக்கும் வீடுகள் இவை. கோப்பையில் சோற்றைக் குறைத்தால் பெரியவர்களின் முகம் மாறும். மெலிவு என்றால் அவர்களுக்கு வேறு நினைவு வரும். அவர்களோடு வாதாடாதீர்கள். நான் முதலிலேயே குறைவாகப் போட்டு, பிறகு ஒரு கரண்டி "இன்னும் கொஞ்சம்" வாங்கிக்கொள்வேன். அந்த ஒரு கரண்டியும் கணக்குக்குள்தான்.

ஏழாம் படி: தராசு பொய் சொல்லும் நாட்கள்

காலையில் எழும்பி, மலசலம் கழித்து, சாப்பிடுமுன் நிறுங்கள். ஒரு நாள் எண்ணைப் பார்த்து அழவும் வேண்டாம், துள்ளவும் வேண்டாம். கருவாடும் ஒடியற்கூழும் சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ கூடிக் காட்டும். அது உப்புப் பிடித்து வைத்த தண்ணீர். மாதவிடாய்க்கு முன்னும் அப்படித்தான். சோளகக் காற்றில் வெயிலில் நின்று வியர்த்த நாளில் குறைத்துக் காட்டும். அதுவும் தண்ணீர்தான், கொழுப்பு அல்ல. வாரச் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

மூன்று, நான்கு வாரம் சராசரி அசையவில்லை என்றால் முதலில் நிறுத்தலைச் சரிபாருங்கள், எண்ணெயில் இருந்து தொடங்கி. அது சரி என்றால் 100 கலோரி குறையுங்கள். குறைப்பது மாச்சத்தில் அல்லது கொழுப்பில், புரதத்தைத் தொடவேண்டாம். மாறாக வாரத்துக்கு ஒரு கிலோ என்று ஓடினால், தொடக்க வாரம் இரண்டும் போக, 100, 150 கூட்டுங்கள். கைக்கடிகாரம் "இன்று 400 எரித்தாய்" என்று சொல்வதை அப்படியே சாப்பிட்டு ஈடுகட்ட வேண்டாம். முதற்படியில் 1.4ஆல் பெருக்கியபோதே அந்த உழைப்பில் ஒரு பகுதி உள்ளே வந்துவிட்டது.

நாலைந்து கிலோ இறங்கியதும் முதற்படிக்குத் திரும்பிப் புதிய நிறையைப் போட்டு எண்ணுங்கள். சின்ன உடம்புக்குச் செலவும் சின்னது. நான் 62க்கு வந்தபோது வாரத்துக்கு 100 கலோரியாகக் கூட்டிக்கொண்டே போய், நிறை நின்ற இடத்தில் நிறுத்தினேன். சோற்றை நிறுப்பதை அப்போதே விட்டுவிட்டேன், கண்ணே இப்போது 200 கிராமைச் சொல்கிறது. மீனுக்கும் அப்படித்தான். தேங்காய்ப்பூவை மட்டும் இன்னும் தராசில் வைக்கிறேன்.